எண்பத்தைந்தில் ஏழு போனால்

அத்தியாயம் ஒன்பது

பரிசோதனை நிலையத்தின் நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் திருகப்பட்டவை. ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். அண்ணனும் தங்கையும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காலி நாற்காலிக்குப் பதினோரு வயது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாளில் தங்கை போன் செய்தது மதியம் ஒரு மணிக்கு. அம்மா போனது நான்கு மணிக்கு. அண்ணன் வந்தது ஏழு மணிக்கு, சட்டையில் சிமென்ட் தூசியோடு. "எடை போட்டு முடிச்சிட்டு வந்தீங்களா?" என்று அவள் கேட்டாள். அதுவரை 'நீ' என்றே கூப்பிட்டு வளர்ந்த அண்ணன் அன்று 'நீங்க' ஆனார். அதன் பிறகு அவர் வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை.

அவருக்கு ஊரெல்லாம் ஒரே பெயர்தான், கிலோ. லாரிக்காரர்கள் வைத்தது. முப்பத்திரண்டு வருடமாக எடைமேடைக் கூண்டில் வேலை. லோடு ஏறிய வண்டியின் எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழிக்க வேண்டும். வண்டி மேடையை விட்டு இறங்குவதற்குள் விடையைச் சொல்லிவிடுவார். "கிலோ அண்ணே சொன்னா முள்ளே அப்புறம்தான் நிக்கும்" என்பார்கள். ஒன்பது வருடம் முன்பு மெஷின் வந்தது. அதுவே கழித்தது, அதுவே அச்சடித்தது. இவர் தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் முன்பு ஒரு திங்கட்கிழமை மெஷின் நின்றுபோனது. மேலாளர், "உங்களுக்கென்ன கிலோ, மனசுலயே போட்டுருவீங்களே" என்று ஒரு பென்சிலை நீட்டினார். பத்தொன்பது லாரிகள் வரிசையில் நின்றன. அவர் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் வண்டிக்கே விடை வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

நிறுவனம் ஒரு கடிதம் கொடுத்தது. நினைவுத்திறன் பரிசோதனை செய்து, தகுதிச் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை. இல்லாவிட்டால் இல்லை. கூட யாராவது வர வேண்டும் என்றார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எழுதிக் கொடுக்க ஒரே ஒரு போன் நம்பர்தான் இருந்தது.

"அடுத்து நீங்க வாங்க ஐயா. கூட வந்தவங்களும் வரலாம்."

உதவியாளர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். வெளியே கூட்டம் இன்னும் இருந்ததால் வேகமாகக் கேட்டாள். இன்று என்ன கிழமை, இது எத்தனையாவது மாடி, இந்த மூன்று வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதில் சொன்னார். சிலது வந்தது, சிலது வரவில்லை. மூன்று வார்த்தைகளில் 'ஜன்னல்' மட்டும் எங்கோ போய்விட்டது.

"இப்ப நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க. அஞ்சு தடவை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழித்தல்! பழைய சிநேகிதனைத் தெருவில் பார்த்த மாதிரி முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"தொண்ணூத்தி மூணு."

பேனா ஒரு சரி போட்டது.

"எண்பத்தஞ்சு... எழுபத்தெட்டு... எழுபத்தொண்ணு... அறுபத்து நாலு."

தங்கை எண்களைக் கேட்கவில்லை. பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு. தப்பு. தப்பு. தப்பு. நான்கு சிவப்புக் குறிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் பேனாவைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். மலர்ச்சி அணைந்தது.

"முப்பதுக்கு இருபத்திரண்டு," என்றாள் உதவியாளர், வெளியே வந்த பிறகு, தணிந்த குரலில். "இருபத்து நாலாவது வேணும் அக்கா. டாக்டர் வார்டுல இருக்காங்க. அஞ்சு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவாங்க. போட்டதும் கம்பெனிக்கு அனுப்பிடுவோம். இது உங்க நகல்."

தங்கை அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

பஸ்ஸில் இருவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிரார்த்தனை செய்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அம்மா இரண்டு பேருக்கும் கற்றுக் கொடுத்த ஒரே சொத்து அது. இரண்டாவது நிறுத்தத்துக்கு முன்னால் உதடுகள் நின்றன.

"பாப்பா," என்றார். ஐம்பத்திரண்டு வயதுப் பாப்பா திரும்பினாள்.

"என்ன?"

அவர் பார்வை அவள் கைப்பைக்குப் போனது.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

அவள் மருந்துச் சீட்டைப் படிக்கும் குரலில் சொன்னாள்: "இனிமே உங்களைத் தனியா விட முடியாது. ஸ்டவ்வை அணைக்க மறந்துட்டீங்கன்னா என்ன பண்றது? எங்க வீட்ல முன் ரூம் சும்மாத்தான் கிடக்கு. பொட்டியை எடுத்து வைங்க. சாயங்காலம் வர்றேன்."

"சரிம்மா."

இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொல்கிற மனிதர் அல்ல அவர். அவள் அதைக் கவனித்தாள். அதையும் வியாதியின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

*

மதியம் இரண்டு மணிக்கு அவள் மருந்துக் கடையில் இருந்தாள். கணவர் இறந்த பிறகு ஆறு வருடமாக அங்கேதான் வேலை.

கடைக்கு ஒரு இளம் தகப்பன் வந்தான். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "இந்த மருந்து ஒரு வேளைக்கு ரெண்டரை மில்லி. ஒரு நாளைக்கு மூணு வேளை. அறுபது மில்லி பாட்டில் எத்தனை நாள் வரும் மேடம்? ஊருக்குப் போறோம், அங்க கிடைக்காது."

அவள் கை தானாகக் கம்ப்யூட்டருக்குப் போனது. அது காலையிலிருந்தே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. போன் உள்ளே சார்ஜில் இருந்தது.

"ரெண்டரை... மூணு வேளைன்னா..." என்றாள். அதற்கு மேல் போகவில்லை.

"இருங்க மேடம், நானே போடறேன்." அவன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு தன் போனை எடுத்தான். "எட்டு நாள்! நாலாங்கிளாஸ் கணக்கு. போன் சொல்லித்தான் எனக்கே தெரியுது."

"எனக்கும்தான்," என்று அவளும் சிரித்தாள். அவன் போன பிறகு சிரிப்பு நிற்கவில்லை, வேறு எதுவாகவோ மாறியது. ரெண்டரை மில்லியை மூன்று தடவை கூட்டத் தெரியாத நான் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேனே.

நூறிலிருந்து ஏழு. அவள் கண்ணை மூடிப் போட்டுப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று வந்தது. அடுத்தது வரவில்லை. மேஜைக்குக் கீழே விரல்களை மடக்கினாள். எண்பத்தாறு. சரிதானா? கைப்பையிலிருந்து நகலை எடுத்துப் பிரித்தாள். அண்ணன் எண்பத்தைந்து என்றிருந்தார். ஒன்று குறைவு. அதற்குத்தான் தப்பு. அடுத்தது?

உள்ளே போய் மகளுக்குப் போன் செய்தாள். மகள் இரண்டு மாதமாக ஒரு வேலைக்குப் பதில் வரும் என்று காத்திருந்தாள். எந்த நேரமும் போன் கையிலேயே இருக்கும்.

"எண்பத்தஞ்சுல ஏழு போனா எவ்வளவுடி?"

"இரும்மா. போன்லதான் பேசிட்டிருக்கேன், அப்புறம் போன்ல எப்படிப் போடறது?"

"மனசுல போடு."

"மனசுலயா?" மகள் உண்மையிலேயே யோசித்தாள். "எண்பது... இல்ல... அம்மா, அவசரமா?"

"வேண்டாம், வை."

அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரை அட்டைகளை அள்ளினாள். ஒரு அட்டைக்குப் பத்து மாத்திரை. எட்டு அட்டைகளை மேஜைமேல் அடுக்கினாள். பக்கத்தில் பாதி வெட்டிய அட்டை ஒன்று, ஐந்து மாத்திரை. எண்பத்தைந்து. ஏழு போக வேண்டும். பாதி அட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். ஐந்து போயிற்று. எட்டாவது அட்டையில் இரண்டு மாத்திரையைக் கட்டை விரலால் மறைத்தாள்.

ஏழு முழு அட்டை. ஒன்றில் எட்டு.

எழுபத்தெட்டு.

மறுபடி எண்ணினாள். எழுபத்தெட்டுதான். அண்ணன் சொன்னதும் எழுபத்தெட்டு. பக்கத்தில் சிவப்பாகத் தப்பு. அடுத்ததையும் மாத்திரை வைத்தே பார்த்தாள். எழுபத்தெட்டில் ஏழு போனால் எழுபத்தொன்று. எழுபத்தொன்றில் ஏழு போனால் அறுபத்து நான்கு. அட்டைகள் மேஜையெல்லாம் பரவிக் கிடந்தன.

அவர் ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினார். சறுக்கி விழுந்த இடத்திலிருந்து எழுந்து, மிச்ச தூரத்தைச் சரியாகவே நடந்திருந்தார்.

"கடவுளே," என்றாள் வாய்விட்டு. மணி மூன்றே முக்கால்.

*

பரிசோதனை நிலையத்தில் உதவியாளர் விடைத்தாளைக் காட்டினாள். அதில் ஐந்து எண்கள் அச்சடித்திருந்தன. "இங்க பாருங்க அக்கா, எழுபத்தொன்பது போட்டிருக்கு. அவர் எழுபத்தெட்டு சொன்னார். தப்புதானே?"

"எண்பத்தஞ்சுல ஏழு போனா எவ்வளவும்மா?"

பெண் வாயைத் திறந்தாள். மூடினாள். கை பாக்கெட்டுக்குப் போனது. பாதி வழியில் வெட்கப்பட்டு நின்றது.

"ஒரு மணி நேரம் முன்னாடி எனக்கும் தெரியாது," என்றாள் தங்கை. "வெட்கப்படாதே. விரலை மடக்கிப் பாரு."

பெண் மடக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "நான் அச்சுல இருக்கிறதோட மட்டும்தான் ஒத்துப் பார்ப்பேன் அக்கா. கழிச்சுப் பார்க்கணும்னு யாரும்..."

டாக்டரம்மா ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிடம் முன்பே வந்தார். தாளை வாங்கினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தானும் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். "எழுபத்து... எட்டு. ஆமா." பெருமூச்சு விட்டார். "ஒவ்வொரு கழித்தலும் தனித்தனி. முன்னாடி சொன்ன விடையிலிருந்து ஏழு சரியாப் போயிருக்கான்னுதான் பார்க்கணும். ஒரு தப்புக்கு ஒரு மார்க்தான் போகும், நாலு போகக் கூடாது."

மூன்று குறிகளை அடித்துத் திருத்தினார். இருபத்திரண்டு இருபத்தைந்து ஆயிற்று.

"ஒன்பது வருஷமா மெஷின்தான் கழிச்சுது. அது நின்ன அன்னிக்கி, பத்தொன்பது லாரி காத்துக்கிட்டு நிக்க, எடைமேடையில அவருக்கு ஒண்ணுமே வரலயே டாக்டர்?"

"ஒன்பது வருஷம் கட்டிலை விட்டு இறங்காத ஆளைத் திடீர்னு ஓடச் சொன்னா ஓடுவாரா? பின்னால பத்தொன்பது ஹாரன் வேற. வியாதி மாதிரி தெரியல. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துக்கலாம்." புதிய சான்றிதழை எழுதிக் கையெழுத்திட்டார். "இதை நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள அவரே நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கட்டும்." பிறகு உதவியாளர் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலில் கோபம் இருந்தது.

"அவங்க மேல தப்பில்ல டாக்டர்," என்றாள் தங்கை அவசரமாக. "காலைலேர்ந்து ஒரு நிமிஷம் உட்காரல. நான் பார்த்தேன்."

அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்தது. தங்கை கைப்பையில் எப்போதும் இருக்கும் தொண்டை மிட்டாய் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே அதே நாற்காலி வரிசை இப்போது முழுக்கக் காலி. அவள் உட்கார்ந்தாள்.

பதினோரு வருடம். ஞாயிறுதோறும் அண்ணன் போன் செய்தார். அவள் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவாள். கணவர் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் காட்டுகிறார் என்றாள். மகள் பரீட்சையில் தேறியதற்கு ஒரு பேனா அனுப்பினார். அதை மேஜை டிராயரில் போட்டாள். முதலில் ஒரு தப்புப் போட்டாள். அதன் பிறகு அவர் என்ன சொன்னாலும் பேனா கீழே கீழே தப்பாகவே போட்டுக்கொண்டு போயிற்று. கடவுள் இப்படித் திருத்துகிறவராக இருந்தால் நம்மில் யார் தேறுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

*

அண்ணன் வீடு மூன்றாவது மாடி. கதவு சாத்தாமல் இருந்தது.

அறை சுத்தமாக இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு தட்டு. சுவரில் அம்மா படம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு சதுரம். பெட்டி வாசலை ஒட்டி நின்றது. மேஜைமேல் இரண்டு கப்புகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒன்றின் விளிம்பு பழுப்பேறியிருந்தது. மற்றது வாங்கிய நாளின் வெள்ளை மாறாமல் இருந்தது.

"வந்துட்டியா? எல்லாம் எடுத்து வச்சாச்சு," என்றார். சவரம் செய்திருந்தார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. "கேஸை மூடிட்டேன். மூணு தடவை பார்த்தேன்."

"அண்ணா, ஒண்ணுதான் தப்பு."

"எது?"

"காலைல நீங்க சொன்னதுல ஒண்ணுதான் தப்பு. மத்தது எல்லாம் சரி. அந்தப் பொண்ணு..."

"ரெண்டாவது," என்றார் அவர் மெதுவாக. "தொண்ணூத்தி மூணுல எட்டைக் கழிச்சிட்டேன்."

அவள் சான்றிதழை நீட்டிய கை அப்படியே நின்றது.

"எப்பத் தெரியும்?"

"பஸ்ல. ரெண்டாவது ஸ்டாப் வர்றதுக்குள்ள. திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதினாலு தடவை போட்டேன் பாப்பா, ரெண்டு வரைக்கும் போச்சு. எல்லாம் வந்துச்சு. அந்தப் பொண்ணு எப்படித் திருத்தியிருப்பான்னும் புரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லல? வேலை போயிருக்குமே! கிறுக்குன்னு எழுதி அனுப்பியிருப்பாங்களே!"

அவர் பெட்டியின் கைப்பிடியைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ என்னன்னு கேட்டே. ஒண்ணுமில்லன்னு மழுப்பிட்டேன். உடனே நீ பொட்டியை எடுத்து வைங்கன்னு சொல்லிட்டே."

தெருவில் ஒரு வண்டி போயிற்று.

"மூணு வாரமா வர்றே. ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை, இன்னிக்கி இது. எனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டா, நாளையிலிருந்து நீ எதுக்கு வரப்போறே?"

அவள் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா போன அன்னிக்கி..." என்று ஆரம்பித்தார்.

"மாத்து ஆள் வரல," என்றாள் அவள். "கூண்டுல நீ ஒருத்தன்தான். சாவியை யார்கிட்டயும் விட்டுட்டு வர முடியல. கடைசியில மேலாளர் கால்ல விழாத குறையாக் கேட்டுக்கிட்டு ஓடிவந்தே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். 'நீ' என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்!

"யார் சொன்னா?"

"ஒரு லாரி டிரைவர். மருந்து வாங்க வந்தார். அஞ்சு வருஷம் ஆச்சு."

"அஞ்சு வருஷமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போட்ட தப்பை எப்படி அடிக்கிறதுன்னு தெரியல அண்ணா."

அவர் எழுந்து வெள்ளைக் கப்பை நிமிர்த்தினார். "டீ போடறேன். கேஸைத் திறக்கணும்." இரண்டடி நடந்து நின்றார். "ஒண்ணுதான் தப்புன்னு கண்டுபிடிச்சியே. எண்பத்தஞ்சுல ஏழு... நீயேவா போட்டே?"

"காய்ச்சல் மாத்திரை வச்சு."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவர் சமையலறைக்குள் போனதும் அவள் மேஜையைப் பார்த்தாள். கப் இருந்த இடத்துக்கு அடியில் ஒரு தாள். 'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, என்னால் இனி இயலாது என்பதால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கையெழுத்தும் போட்டிருந்தார். எடைமேடை அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரம். காலை ஆறு மணிக்குக் கூண்டைத் திறக்க வேண்டும். வேலை என்றால் இந்த வீடு. அவள் வீடு என்றால் அந்தக் கடிதம். சான்றிதழை அதன் பக்கத்தில் வைத்தாள்.

போன் அதிர்ந்தது. மகள்.

'அம்மா!! வேலை கிடைச்சிருச்சு. அடுத்த வாரமே போய்ச் சேரணுமாம். அங்கேயே தங்க இடம் தர்றாங்க. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். சந்தோஷம்தான். கண்ணில் நீர் வந்ததும் அதனால்தான் என்று வைத்துக்கொண்டாள். முன் ரூம் சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் மகளுடைய பின் ரூமும். நடுவில் அவள் ஒருத்தி.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாப்பா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சே. பொட்டியை அவிழ்த்துரவா?"

"வேண்டாம்," என்றாள் அவள். "அவிழ்க்காதே."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. பஸ்ஸில் அவர் சொல்லாமல் விட்டதைப் போலவே, ஏன் என்று அவளும் சொல்லவில்லை. உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.